டிப்பர் லோரியின் பின்பக்க ஸ்பிரிங் குறித்து நண்பனுக்கு

பட்டர்வொர்த்

அன்புள்ள சந்திரனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த மூன்று விலைப்பட்டியல்களும் போன வாரம் கைக்கு வந்தன. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தங்கச்சியிடம் எங்கள் இருவரின் மகிழ்ச்சியையும் சொல். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. பட்டறைப் பொறுப்பு முழுவதும் மகனிடம் போய்விட்டாலும், பின்னச்சு வேலை என்று ஏதாவது வந்து நின்றால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறான். நானும் அதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்து போய்விடுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை ஆற அமரப் படித்துக்கொள். ரவாங் குவாரிக் கல்லுக்கும் மண் வேலைக்கும் ஓடப்போகும் இரண்டு பத்துச் சக்கர டிப்பர்களுக்கும் இரண்டு பின்னச்சுகளுக்கும் நடுவே உள்ள சுழல்தாங்கியான டிரன்னியனில் அமரும் பல பட்டை ஸ்பிரிங்கையே எடு. சாலைக்குப் போடும் தார்க்கலவையான பிரீமிக்ஸ் ஏற்றப்போகும் மூன்றாவது லோரிக்கு உன் மருமகன் விரும்புகிறபடி ஏர் சஸ்பென்ஷன், அதாவது பட்டைக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர்ப் பேக், எடுக்கலாம். உன் மூத்த ஓட்டுநர் கேட்கும் அந்தக் கூடுதல் இரண்டு பட்டைகளை மட்டும் மூன்றில் எதற்கும் போடச் சம்மதிக்காதே.

டிரன்னியன் அமைப்பில் ஸ்பிரிங் கட்டின் நடுப்பகுதி சேடில் என்னும் இருக்கையில் யு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளும் இரண்டு பின்னச்சுகளின் மேலும் வழுக்குத் தட்டில் அமர்ந்திருக்கும். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் கட்டு முழுவதும் தராசுக் கோல் போலச் சாய்ந்து பாரத்தை மற்ற அச்சுக்கும் பகிர்ந்துவிடுவதால், சக்கரம் எழும்பிய உயரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு வந்து சேரும். இழுவையையும் பிரேக் விசையையும் அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் டார்க் ராடுகள் வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குப் பாரம் தாங்கும் வேலை மட்டுமே மிஞ்சும். 1913இல் சிகாகோவில் தொடங்கிய ஹெண்ட்ரிக்சன் நிறுவனம் 1926இல் இரட்டை அச்சுக்கு நடுவே சாய்ந்தாடும் பீமை வைத்தது. குவாரி லோரியின் பின்பக்கக் கணக்கு இன்றும் அந்த எண்ணத்திலிருந்து வெகு தொலைவு போய்விடவில்லை. ஜப்பானிய டிப்பர்களில் நாம் இளமையிலிருந்து பார்த்துப் பழகிய கட்டும் இதே குடும்பம்தான். இதன் நல்ல குணம் என்னவென்றால், பத்துப் பட்டைகளில் ஒன்று உடைந்தாலும் லோரி மெதுவாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிடும். உன் இரண்டாவது விலைப்பட்டியலில் இருக்கும் பாராபாலிக் ஸ்பிரிங் (முனை நோக்கி மெலியும் பட்டைகள் கொண்டது) எடை குறைந்தது, ஓட்டமும் மென்மையானது; ஆனால் மூன்றே பட்டைகள் இருக்கும் கட்டில் ஒன்று போனால் தாங்கும் வலுவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. கல் வண்டிக்கு அது வேண்டாம்.

இனி அந்தக் கூடுதல் பட்டை. ஓட்டுநர் சொல்வது போல அது வெறும் பாதுகாப்பாக இருந்திருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். பட்டை கூடக் கூடக் கட்டு விறைக்கிறது, பட்டை கனத்தால் இன்னும் மோசம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 22 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் கனம் 10 விழுக்காடு கூடுகிறது, விறைப்போ 33 விழுக்காடு கூடிவிடுகிறது. அதோடு, ஒரே அளவு வளையும்போது கனத்த பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை அதிகம் என்பதால், வலுவுக்காக என்று செருகிய அந்தப் பட்டையே கட்டில் முதலில் விரிசல் விடும். இப்படிப் பட்டை கூட்டிய ஒரு ஸ்பிரிங் கட்டை அண்மையில் பட்டறையில் பிரித்தோம். நடு போல்ட் துளையின் ஓரத்தில் பட்டை இரண்டாக விட்டிருந்தது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஒரு மூலை மட்டும் அன்றுதான் உடைந்த பளபளப்போடு சாம்பல் நிறத்தில் மின்னியது. அந்தக் கறுத்த பகுதி முழுவதும் நெடுநாளாகச் சிறிதுசிறிதாக நகர்ந்து வந்த விரிசல். லோரி அத்தனை நாளும் மிஞ்சிய அந்த மூலையில்தான் பாரம் சுமந்திருக்கிறது. யு போல்ட்டைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்ததையும் மகனுக்குக் காட்டினேன். இறுக்கம் தளர்ந்து இரும்போடு இரும்பு உரசும்போது வரும் பொடி அது. யு போல்ட் தளர்ந்தால் வளைவு முழுவதும் நடுத் துளையில் வந்து குவியும், பட்டை உடைவதும் அங்கேதான். புது லோரி முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டைத் திரும்ப இறுக்கச் சொல், கழற்றிய யு போல்ட்டை மறுபடி மாட்ட விடாதே.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்பிரிங் விறைத்தாலும் அச்சு உறையும் சேஸிஸும் டயரும் பிரேக்கும் பழைய வலுவிலேயேதான் இருக்கின்றன. வண்டி பின்னால் தாழாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, குவாரியில் பக்கெட் போடுகிறவர் இன்னும் ஒன்று போடுவார், முதலாளி தவுக்கேயும் பார்த்துக்கொண்டிருப்பார். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் கைக்கொண்ட கணக்கின்படி, சாலைக்கு நேரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் மடியை ஒட்டி ஏறுகிறது. அதாவது அச்சில் 20 விழுக்காடு கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் லோரி மோதி போலீஸ் கலகத் தடுப்புப் படையான எஃப்ஆர்யூவின் வீரர்கள் ஒன்பது பேர் உயிரிழந்த பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் எடைச் சோதனை எப்படி இறுகியிருக்கிறது என்பதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்கும் பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்கி, அந்தப் பாரத்தோடு ஓட்டுவதுதான் உனக்கு மலிவு.

மருமகன் ஏர் சஸ்பென்ஷனைப் புகழ்வதில் பொய்யில்லை. பாரத்துக்கு ஏற்பக் காற்றழுத்தம் மாறுவதால் ஏற்றிய வண்டியும் வெறும் வண்டியும் ஏறத்தாழ ஒரே மென்மையோடு ஓடும். டிப்பர் தன் ஆயுளில் பாதித் தூரத்தை வெறும் வண்டியாகவே ஓடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விறைத்த பட்டை ஸ்பிரிங்கோடு காலி லோரி ஓடும்போது பின்சக்கரங்கள் துள்ளும். ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டயரில் ஆங்காங்கே தட்டையான தேய்மானம் விழும். ஐரோப்பிய விதிகள் இதைச் சாலையின் பக்கமிருந்தும் பார்க்கின்றன. ஊசலாட்டம் நொடிக்கு 2 தடவைக்கு மேல் போகாமலும் தணிப்பு, ஊசலாட்டமே இல்லாமல் அடங்கத் தேவையான அளவில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்கும் சஸ்பென்ஷன் ஏருக்கு நிகராக மதிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட சஸ்பென்ஷனும் இரட்டை டயர்களும் உள்ள இரட்டை இயக்கச்சுக்கு (எஞ்சின் ஓட்டும் இரண்டு பின்னச்சுகளுக்கு) 18 டன்னுக்குப் பதில் 19 டன் அனுமதி உண்டு. இன்னொரு வசதியும் இருக்கிறது. பேக்கின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டரைப் பொருத்திவிட்டால், எடை மேடைக்குப் போகும் முன்பே அச்சில் எவ்வளவு பாரம் என்று ஓட்டுநர் அறிந்துகொள்ளலாம்.

ஆனால் தூக்கிக் கொட்டும் இடத்துக்கு வா. பாயா தெருபோங் மலைச்சரிவில் வீடு கட்ட மண் நிரவிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மழை நாள் மாலை நின்று பார்த்தேன். தொட்டி முக்கால் உயரம் போனபின்பும் ஈரச் செம்மண்ணில் வலப்பக்கம் மட்டும் சரிந்து இறங்கியது, இடப்பக்கத்து மண் தகரத்தோடு அப்பிக்கொண்டு அப்படியே நின்றது. இடது பின்சக்கரங்கள் மெத்தென்ற மண்ணில் அமிழ, தொட்டியின் உச்சி இடப்புறமாக ஒரு முழம் போய்விட்டது. ஓட்டுநர் பதறாமல் மெல்ல இறக்கிவிட்டார், கெட்டிக்காரர். அந்த வேளையில் லோரியைக் காப்பது அதன் பக்கச்சாய்வு விறைப்பு. அது ஸ்பிரிங்கின் விறைப்போடு நேராகவும், இடது வலது ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான அகலத்தின் இருமடியோடும் ஏறுகிறது. இடைவெளி 10 விழுக்காடு கூடினால் நிலைப்பு 21 விழுக்காடு கூடும். ஆகவே உன் விற்பனையாளரிடம் பட்டை எத்தனை என்று கேட்பதற்கு முன் அந்த இடைவெளி எவ்வளவு என்று கேள். மண் கதவுப் பக்கம் சறுக்கிச் சேரும்போது பாரத்தின் பெரும்பங்கு பின்னச்சு இரண்டும் சேர்ந்த போகியின் மேல் ஏறும். பட்டைக் கட்டு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஏர் வண்டியில் தூக்கும் முன் பேக்கின் காற்றை இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் வண்டி ரப்பர்த் தடுப்பின் மேல் அமர்ந்து உறுதியாக நிற்கும். நாள் முழுவதும் அவசரத்தில் ஓடுகிறவர் ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்விட்சை நினைவாகத் தட்டுவார் என்று நம்பி மண் வேலைக்கு ஏர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. பேக்குக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையே சிக்கும் கூர்ங்கல் வேறு இருக்கிறது.

பிரீமிக்ஸ் லோரிக்கு இந்த அச்சங்கள் குறைவு. அது தார்ச்சாலையில் ஓடி, தார்ச்சாலையில் நின்று, தார்க்கலவையை விரிக்கும் இயந்திரமான பேவரின் முன்னால் மெதுவாகத் தூக்கிக் கொட்டுகிறது. அங்கே ஏர் தன் விலையைத் திருப்பித் தரும். காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரை மட்டும் கவனிக்கச் சொல், நம் ஊர் ஈரப்பதத்தில் வால்வைக் கெடுப்பது தண்ணீர்தான். வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் லெவலிங் வால்வின் உயரம் தப்பினால், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் தப்பிக் குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். பலர் அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பணத்தை விடுகிறார்கள்.

ரப்பர் சஸ்பென்ஷன் பற்றியும் கேட்டிருந்தாய். நல்ல பொருள். எண்ணெய் கிரீஸ் கேட்காது, பாரம் ஏற ஏறத் தானே விறைக்கும். நம் பினாங்கின் இரண்டாவது பாலமே இயற்கை ரப்பர்த் தாங்கிகளின் மேல்தான் அமர்ந்திருக்கிறது என்று இங்கே நான் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் லோரிக்கான ரப்பர்த் தொகுதிக்கு மாற்றுப் பாகம் கடைத் தெருவில் கிடைக்க வேண்டுமே. பட்டை உடைந்தால் ரவாங்கில் அன்றைக்கே வெட்டி வளைத்துக் கொடுக்க ஆளிருக்கிறார்.

வண்டிகள் வந்த பிறகு செய்ய ஒரு சின்ன வேலை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாகனப் பரிசோதனைக்குப் புஸ்பாகோமுக்குப் போகும் முன் டேப்பை எடுத்து, இரண்டு பின்னச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து ஒப்பிடச் சொல். வித்தியாசம் தெரிந்தால் டார்க் ராட் முனையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அச்சு கோணலாகி டயரைத் தின்றுகொண்டிருக்கும். புஷ் மாற்றும் செலவு ஒரு ஜோடி டயருக்கு முன் ஒன்றுமேயில்லை.

முதல் விலைப்பட்டியலில் பின்னச்சின் தாங்குதிறன் எழுதியிருக்கிறது, ஸ்பிரிங் கட்டின் தாங்குதிறன் எழுதப்படவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டில் எது குறைவோ அதுவே வண்டியின் அளவு. அதையும் ஸ்பிரிங் இடைவெளியையும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. பார்த்துப் பதில் போடும்வரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
மாணிக்கம்