குதிரை ரத்தமும் துண்டு போட்ட இடமும்

லான்சிங், மிச்சிகன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகளுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் அன்றைக்கே எழுத நினைத்தேன், வழக்கம்போல வேலை இழுத்துக்கொண்டது. தேதி குறித்ததும் சொல், டிக்கெட் போடவேண்டும்.

"நோய் வந்து போன பிறகு ரத்தத்தைக் கிண்டி என்னடா பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். நாமக்கல்லில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். கோழிக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால் சில நாளில் கொட்டகையே காலி, ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கி, நோய் போன பிறகும் ரத்தத்தில் தங்கும் புரதம்) ஊறும்வரை அது இருந்தால்தானே! ஆனால் 2024 மார்ச்சில் டெக்சாஸ், கான்சாஸ் பக்கம் கறவை மாடுகளில் எச்5என்1 என்கிற அதே பறவைக் காய்ச்சல் வைரஸ் தெரிய வந்தபோது கதை மாறிவிட்டது. மாடு தீனி குறைக்கும், பால் சீம்பால் மாதிரி கெட்டியாகும், பெரும்பாலும் தேறிவிடும். கறப்பவனுக்குக் கண் சிவக்கும், சில நாளில் சரியாகிவிடும். ஒரு நாள் கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டான். போகாதவனிடம் ஸ்வாப் எடுப்பது எப்படி? அதனால்தான் பிறகு ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடுகிறோம்.

அந்தக் கோடையில் இங்கும் கொலராடோவிலும் 115 பால்பண்ணைத் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார்கள் (நான் அதில் இல்லை). 8 பேரிடம் எச்5 ஆன்டிபாடி, அதாவது இந்த வைரஸின் மேற்புரதத்துக்கு எதிரானது, இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குத்தான் உடம்பு முடியாமல் போனது நினைவில் இருந்தது. பிறகு செப்டம்பரில் 150 மாட்டு டாக்டர்களைப் பார்த்ததில் 3 பேர். அதில் ஒருவர் வைத்தியம் பார்த்த மாநிலங்களில் மாடுகளுக்கு நோய் இருப்பதாகவே அதுவரை தெரியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த ஒருவர்தான்.

இந்த ஆன்டிபாடியைப் பார்ப்பது எப்படி என்றால், நீ சிரிப்பாய். வெள்ளைக்கழிச்சல் டைட்டருக்கு (ஆன்டிபாடி அளவுக்கு) கோழி ரத்தத்தைக் கழுவிக் கழுவிப் போடுவோமே, அதே எச்ஐ டெஸ்ட்தான். வைரஸ் ரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று கோத்துவிடும், சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) ஆன்டிபாடி இருந்தால் அதைத் தடுத்துவிடும். குழியின் அடியில் சிவப்புப் பொத்தானாக உட்கார்ந்தால் ஆன்டிபாடி இருக்கிறது, விரிப்பாகப் பரவினால் இல்லை. ஆனால் மனிதச் சீரத்தில் பறவை வைரஸுக்கான ஆன்டிபாடியைத் தேடும்போது கோழி, வான்கோழிச் செல்கள் மந்தமாகவே காட்டும். குதிரைச் செல்லில் பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரைக் கொக்கிதான் அதிகம், அதனால் குதிரை ரத்தம் வேண்டும். அதற்கு முன்னால், சீரத்தில் சும்மாவே வைரஸைத் தடுக்கும் சாமான்களை ஒழிக்க, காலராக் கிருமியிலிருந்து எடுத்த நொதியில் ஒரு ராத்திரி ஊறவைக்கவேண்டும். ஒருமுறை பழைய குதிரை ரத்தத்தை வைத்து ஓட்டிவிட்டு, முழுத் தட்டும் குளறுபடியாகி, இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போனது. வசவு வேறு.

வாத்து, பன்றி, மாடு, பூனை எல்லாவற்றுக்கும் ஒரே எலிசா உண்டு, நிறத்தை வைத்து ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் இன்னொரு டெஸ்ட். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தக் கணக்கு. தட்டில் வைரஸின் உட்புரதம் ஒட்டியிருக்கும். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் முதலில் போய் இடம் பிடித்துவிடும். பின்னால் வருகிற, நிறம் காட்டும் ஆன்டிபாடிக்கு இடமில்லை, நிறமும் வராது. துண்டு போட்டது வாத்தா மாடா என்று நடத்துனர் கேட்பதில்லை!

ஆனால் மனிதனிடம் இது செல்லாது. அந்த உட்புரதம் எல்லா ஏ வகை ஃப்ளூவுக்கும் பொது, வருஷா வருஷம் காய்ச்சல் கண்ட நம் எல்லோரிடமும் துண்டு இருக்கும். எச்9என்2 (இன்னொரு வகைப் பறவை ஃப்ளூ) தடுப்பூசி போட்ட உன் முட்டைக்கோழிகளும் அப்படித்தான் காட்டும், செத்த வைரஸை முழுசாகப் போடுகிற ஊசி அது. பிரான்ஸில் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடும் ஊசி ஃப்ளூ வைரஸின் எச்5 புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டும். அங்கே உட்புரத ஆன்டிபாடி தெரிந்தால் நிஜத் தொற்று என்று பிரித்துவிடலாம். அதில் நான் அவர்களைப் பாராட்டுவேன்.

இங்கே கஷ்டம் டெஸ்டில் இல்லை, கை நீட்ட வைப்பதில். பண்ணை ஆட்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுபவர்கள், பலருக்குக் குடியேற்றக் காகிதம் சரியில்லை. ரத்தம் கேட்டால் பயப்படுகிறார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 மனிதர்களுக்கு வந்த சமயத்தில் கோழி வியாபாரத் தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் ஒருவரிடம் எச்5 ஆன்டிபாடி இருந்தது. அதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். முப்பது வருஷமாகக் கோழி இறக்கையில் ஊசி குத்துகிறாய். உன் கையில் யாராவது ஒரு தடவையாவது குத்திப் பார்த்திருக்கிறார்களா? கல்யாணத்துக்கு வரும்போது நானே எடுத்துவிடுகிறேன், பயப்படாதே.

தங்கச்சிக்கு என் விசாரிப்புகளைச் சொல். உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அதையும் எழுது.

அன்புடன்,
செல்வம்