முதலில் காப்பாளருக்குப் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயிரியல் பூங்காவுக்கு வெளிநாட்டு விலங்கு வருகிறது என்றால் எத்தனை வருகிறது, என்ன செலவு, டிக்கெட் விலை ஏறுமா என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதற்குத் தீனி வைக்கப்போகிறவர் அந்த விலங்கை இதற்கு முன்னால் பார்த்தாவது இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நான் மும்பையில் இருப்பவன், அதனால் பைகுல்லா பூங்காவின் பெங்குயின்களை வைத்தே சொல்கிறேன்.

2016 ஜூலையில் சியோலிலிருந்து 8 ஹம்போல்ட் பெங்குயின்கள் வந்தன. பெங்குயின் என்றாலே பனிக்கட்டிதான் நம் நினைவுக்கு வரும், ஆனால் இவை பெரு, சிலி கடற்கரையில் வாழ்கிற பறவைகள், இவற்றுக்குப் பனி வேண்டாம். அதற்காக மும்பைப் புழுக்கத்தையும் தாங்காது. பூஞ்சை நுரையீரலில் இறங்கிவிட்டால் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம், தரை கரடுமுரடாக இருந்தாலோ பாதத்தில் புண் வந்துவிடும்.

மீன் கொடுப்பதிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தலைப்பக்கம் முன்னால் போகும்படி நீட்ட வேண்டும், இல்லையென்றால் செதிலும் துடுப்பும் தொண்டையில் கீறும். உறைய வைத்த மீனில் பி1 சத்து குறைந்துபோகும் என்பதால் மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுக்க வேண்டும். இறக்கையில் மாட்டிய வளையத்தைப் பார்த்து எந்தப் பறவை எத்தனை மீன் தின்றது என்று தினமும் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் பெங்குயின் தன் நோயைக் கடைசி வரை வெளியே காட்டாது, தீனி குறைவதுதான் முதல் அடையாளம். ஆனால் இறகு உதிர்க்கும் இரண்டு மூன்று வாரமும் அது தண்ணீரில் இறங்காது, சரியாகத் தின்னவும் செய்யாது. இது நோயா, இறகு மாற்றமா? பக்கத்தில் இருந்து பழகிய கண்ணுக்குத்தான் அது தெரியும், புத்தகம் படித்து வராது.

வந்த வருடம் அக்டோபரிலேயே ஒரு பெங்குயின் இறந்தது. 2018 ஆகஸ்ட் 15 அன்று பொரித்த குஞ்சு ஒரு வாரம்தான் இருந்தது. அப்புறம் வந்த வருடங்களில் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன, இப்போது கூட்டமும் பெருகியிருக்கிறது. பறவைகளோடே இருந்து கற்றுக்கொண்டவர்களின் உழைப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு, அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் விலங்கு வந்த பிறகுதான் கற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கூண்டு கட்டத் தொடங்கும்போதே இரண்டு காப்பாளர்களை அந்த விலங்கு ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குச் சில மாதம் அனுப்பலாம், கட்டுமானச் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. திரும்பி வந்தவர்களை வேறு பிரிவுக்கு மாற்றாமல் அங்கேயே வைத்திருக்க வேண்டும், தினக்கூலி ஆளை வைத்து ஓட்டுவது கூடவே கூடாது.

அடுத்த முறை புதிய விலங்கு வருகை பற்றி உங்கள் நிருபர் எழுதும்போது, அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், எங்கே பயிற்சி எடுத்தார் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாதுங்கா, மும்பை