பனிக்கடியில் மண் உறங்குவதில்லை

ஆசிரியருக்கு,

'பனிக்காலத்தில் மலைக்காடு உறங்குகிறது' என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி. பல குளிர்காலம் காட்டு மண்ணில் கருவி வைத்து அளந்தவன் நான், ஒப்ப முடியவில்லை.

முழங்கால் ஆழப் பனியைத் தோண்டி வெப்பமானியைச் செருகுங்கள். மேலே மைனஸ் 15 டிகிரி என்றாலும் அடியில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பனிதான் மண்ணுக்குக் கம்பளி. அந்தக் கதகதப்பில் (அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்!) நுண்ணுயிர்கள் சருகைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கின்றன.

பனி குறைந்தால் மண்ணின் இந்த மூச்சும் குறையும், கரிமம் (கார்பன்) மண்ணிலேயே மிச்சம் என்று மகிழ்வதற்கில்லை. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் பனியை வாரி அகற்றிப் பார்த்தார்கள். மண் உறைந்தது, மெல்லிய வேர்கள் செத்தன. வேரிழந்த மரம் கோடையில் எவ்வளவு கரிமத்தைச் சேர்த்துவிடும்?

கோடையில் மட்டும் அளந்துவிட்டு காட்டின் ஆண்டுக் கரிமக் கணக்கு எழுதுவதை ஆய்வாளர்கள் முதலில் நிறுத்தட்டும்.

– ஓய்வுபெற்ற மண்ணியல் ஆய்வாளர்