மாடிப்படியில் நிற்பவரைப் பற்றியும் எழுதுங்கள்

அமெரிக்க நாளிதழ்கள், வார இதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வர்ஜீனியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்குச் சார்லட்ஸ்வில் நகரிலுள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அன்று வீட்டில் பாயசம் உண்டு. விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரிப்போம். வளாகத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் ஃபிராட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்க) இல்லங்களைப் பற்றி மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியாது. அவற்றைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் நீங்கள் எழுதியதுதான். அந்த உரிமையில், அங்கே நடக்கும் பாலியல் வன்முறையை நீங்கள் எழுதும் விதம் பற்றி இதை எழுதுகிறேன்.

2014 நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஏறத்தாழ 9,000 சொற்களில் ஒரு கட்டுரை வெளியிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஃபை காப்பா சை சங்க இல்லத்தில், 2012 செப்டம்பரில் நடந்த விருந்தின்போது முதலாண்டு மாணவி ஒருவரை ஏழு பேர் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கினார்கள் என்றது அது. நாடே கொதித்தது. அந்த இல்லத்தின் ஜன்னல்களை அடித்து நொறுக்கினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் தெரசா சல்லிவன் எல்லாச் சங்கங்களின் நடவடிக்கைகளையும் ஜனவரி வரை நிறுத்திவைத்தார். மூன்று வாரம் ஆவதற்குள் ‘வாஷிங்டன் போஸ்ட்’ விசாரித்ததில் கதை ஆட்டம் கண்டுவிட்டது.

எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதைக் கொலம்பியா இதழியல் பள்ளியின் அறிக்கை 2015 ஏப்ரலில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தது. அன்றிரவு மாணவியைச் சந்தித்த மூன்று நண்பர்கள் கல்நெஞ்சக்காரர்கள் போலப் பேசியதாகக் கட்டுரை மேற்கோள் காட்டியது. அந்த மூவரில் ஒருவரிடம்கூட இதழ் பேசவில்லை. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவரைத் தேடிப் பிடிக்காமலேயே அச்சுக்கு அனுப்பியது. சங்கத்திடம் கருத்துக் கேட்டபோது எந்தத் தேதி, என்ன குற்றச்சாட்டு என்ற விவரத்தைத் தரவில்லை. தேதியைச் சொல்லியிருந்தால், அந்த வார இறுதியில் அங்கே விருந்தே நடக்கவில்லை என்ற பதில் வந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவரை மேலும் நோகடிக்கக் கூடாது என்ற கரிசனத்தால்தான் துருவிக் கேட்கவில்லை என்றது இதழ். இந்தக் கரிசனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. புகார் சொல்லும் பெண்ணை நாளை ஒரு வழக்கறிஞர் குறுக்குக் கேள்வி கேட்பார், ஊரே கேட்கும். அதற்கு முன்பு, அவர் பக்கம் நிற்கும் ஒருவர் அதே கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டு, சாட்சியைத் தேடி, தேதியைச் சரிபார்த்து வைப்பதுதான் அவருக்குச் செய்யக்கூடிய உதவி. அதைச் செய்யாமல் அவருடைய சொல்லை அப்படியே அச்சேற்றிவிட்டு, சிக்கல் வந்ததும் “அவரை நம்பியது தவறாகிவிட்டது” என்று அவர் தலையிலேயே பழியைப் போட்டது அந்த இதழ். பிற்பாடு அந்த வாசகத்தை மாற்றிக்கொண்டார்கள். முதலில் வந்த வேகம் அதுதானே?

பணக்கணக்கு தனி. பல்கலைக்கழகத்தில் பாலியல் புகார்களைக் கவனித்தவரும் கட்டுரை இரக்கமற்றவராகச் சித்திரித்தவருமான துணை டீன் நிக்கோல் எராமோவுக்கு 30 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2016 நவம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. சங்கத்துக்கு 2017இல் 16.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆனால், அதற்குப் பிறகு புகார் சொல்ல வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் இந்தக் கட்டுரை விட்டெறியப்பட்டதற்கு எந்த நீதிமன்றம் இழப்பீடு தரும்? கட்டுரை சொன்ன சம்பவத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அறிவித்த காவல்துறைத் தலைவர், அதனால் அந்த மாணவிக்கு எதுவுமே நேரவில்லை என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தே சொன்னார். முதல் பாதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாம் பாதியை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. அதே சங்க இல்லத்தில் 1984இல் பதினேழு வயது முதலாண்டு மாணவி ஒருவர் வல்லுறவுக்கு உள்ளானார். அப்போது நீதி கிடைக்கவில்லை. 2005இல் குற்றவாளியே மன்னிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெண் காவல்துறையிடம் போனார். அடுத்த ஆண்டு கடிதம் எழுதியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிறகு சிறைக்கும் போனார். எல்லாம் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. ஒரு புகார் இருபது ஆண்டுகளுக்கு மேல் எப்படி முடங்கிக் கிடந்தது, யார் யார் கையை விரித்தார்கள் என்று தோண்டியிருந்தால் அசைக்க முடியாத ஒரு கட்டுரை கிடைத்திருக்கும். ஆனால், நாட்டின் நிலைமையை ஒரே அடியில் காட்டிவிடும் ஒற்றைச் சம்பவத்தைத் தேடித்தான் ‘ரோலிங் ஸ்டோன்’ செய்தியாளர் வளாகம் வளாகமாக அலைந்திருக்கிறார். கொடூரம் கூடக்கூடப் படிப்பவர்கள் கூடுவார்கள் என்பது உங்கள் அலுவலகக் கணக்கு. உண்மையில் நடப்பவற்றுள் பெரும்பாலானவை அவ்வளவு நாடகத்தன்மை இல்லாதவை, நிரூபிக்கக் கடினமானவை.

இதற்கு நேரெதிரான நோயும் உங்களிடம் உண்டு. 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபர்டில் ஒரு ஃபிராட்டர்னிட்டி விருந்துக்கு வெளியே, நினைவிழந்து கிடந்த பெண்ணைத் தாக்கிய மாணவனை, சைக்கிளில் போன இரண்டு ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் துரத்திப் பிடித்தார்கள். செய்திகளில் அவன் நட்சத்திர நீச்சல் வீரன். அவனுடைய நீச்சல் நேரங்கள்வரை எழுதினீர்கள். மூன்று குற்றங்கள் நிரூபணமாகியும் ஆறு மாதத் தண்டனை. மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். ஒருவனுடைய எதிர்காலத்தைப் பற்றிய கவலை இன்னொருத்தியைப் பற்றி ஏன் எழவில்லை என்பதை அந்தப் பெண், சானல் மில்லர், நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கை உங்களைவிடத் தெளிவாகக் கேட்டது.

எதை எழுதச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்தச் சங்க வீட்டைப் பற்றி எழுதுங்கள். மாணவியர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை நெடுங்காலமாகத் தங்கள் இல்லங்களில் மதுவை அனுமதிப்பதில்லை. அதனால் விருந்தெல்லாம் ஆண்களின் இல்லத்தில். வாசலில் யாரை விடுவது என்று முடிவு செய்பவர்கள் அவர்கள். ஊற்றிக் கொடுப்பவர்கள் அவர்கள். மாடி அறைகளின் சாவியும் அவர்களிடம். 2015 ஜனவரியில் வர்ஜீனியா பல்கலைக்கழகம் கொண்டுவந்த புதிய விதிகளைப் படித்துப் பாருங்கள்: பீர் திறக்காத கேனில்தான் தர வேண்டும்; பெரிய பாத்திரத்தில் கலந்துவைத்த மதுக்கலவை கூடாது; குறைந்தது மூன்று உறுப்பினர்கள் குடிக்காமல் இருக்க வேண்டும்; அவர்களில் ஒருவர், அறைச் சாவிகள் கைக்கெட்டும்படி, மாடிப்படியில் நிற்க வேண்டும். இப்படியொரு விதி தேவைப்பட்டது என்றால் அதுவரை அந்த மாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? இரண்டு சங்கங்கள் முதலில் கையெழுத்திட மறுத்தன. அந்தச் செய்தி ஓரிரு நாளில் காணாமல் போனது. பொய்த்துப்போன கட்டுரையைப் பற்றிய விவாதமோ ஆண்டுக்கணக்கில் ஓடியது.

யேல் பல்கலைக்கழகத்தில் டெல்டா காப்பா எப்சிலன் சங்கத்துக்கு 2011இல் ஐந்தாண்டுத் தடை விதித்தபோது கூட்டமாக வந்தீர்கள். தடை முடிந்து சங்கம் திரும்பியபோது எத்தனை பேர் வந்தீர்கள்? 2019இல் மூன்று மாணவியர் யேல் மீதும் அங்குள்ள ஃபிராட்டர்னிட்டிகள் மீதும் வழக்குத் தொடர்ந்து, பெண்களையும் உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். வாசலும் சாவியும் யார் கையில் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இந்த விவகாரங்களை இடைவிடாமல் பின்தொடர்பவை மாணவர் நாளேடுகள். அங்கே எழுதுபவர்களுக்கு மறுநாள் காலையில் தேர்வு இருக்கும்.

ஒரு செய்தியாளரை ஒரே வளாகத்துக்கு இரண்டு ஆண்டு ஒதுக்குங்கள். சங்கங்கள் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், தடை விதித்த நாள், நீக்கிய நாள், புகார்கள் எங்கே போய் நின்றன என்பவற்றைத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவில் அந்த மாடிப்படியில் இப்போது ஆள் நிற்கிறாரா என்றும் பார்த்து வரச் சொல்லுங்கள். ஆகஸ்ட்டில் அடுத்த அணி மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதற்குள் அதில் ஒரு பகுதியாவது அச்சில் வர வேண்டும்.

இப்படிக்கு,
வர்ஜீனியாவிலிருந்து ஒரு வாசகன்