பேண்டு வாத்தியக் கலைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மாஸ்டர் அவர்களுக்கும் கூடியிருக்கும் கலைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முதலில் வந்த புகார், பேண்டு செட்டில் ஆள் கூடக் கூடச் சுருதி கெடுகிறது என்பது. 8 பேர் வாசிக்கும்போது காதுக்குப் படாத பிசிறு, 25 பேர் நின்றால் தெருமுனை வரை கேட்கிறது. புதுப் பையன்களுக்கு உதடு இன்னும் பழகவில்லை என்று அப்போது முடிவு கட்டினோம். அது பாதிதான் சரி. மீதிக் குற்றம் வாத்தியத்தில் இருந்தது.

ஆடியில் முகூர்த்தம் இல்லாத வாரங்களில் வாத்தியங்கள் எல்லாவற்றையும் சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்தோம். 5 நிமிடம் ஊதிச் சூடாக்கி, மெயின் ஸ்லைடை (குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் பகுதி) முழுதும் உள்ளே தள்ளி, விரலால் அழுத்தும் வால்வ் எதையும் தொடாமல் ஸி ஊத வேண்டும். தாளில் எழுதிய ஸி பி-ஃப்ளாட்டாக ஒலிக்கும் பி-ஃப்ளாட் வாத்தியமானால் ட்யூனர் பி-ஃப்ளாட் காட்டும். கொஞ்சம் மேலே நிற்பது இயல்பு, ஸ்லைடை இழுத்துச் சரி செய்யத்தான் அந்த இடம் விட்டிருக்கிறார்கள். 7 பழைய வாத்தியங்களில் மட்டும் முள் பி-ஃப்ளாட்டைத் தாண்டி, அதற்கு அரை ஸ்வரம் மேலான பி-க்குப் பாதி வழிக்கும் மேலே போய் நின்றது. 4 கார்னெட் (ட்ரம்பெட் போன்றது), 2 யூபோனியம் (அதைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் பித்தளை வாத்தியம்), 1 கிளாரினெட். இவை சுருதியை உயர்த்தி வைத்திருந்த ஹை பிட்ச் காலத்து வாத்தியங்கள். இப்போதைய ஏ ஸ்வரம் விநாடிக்கு 440 அதிர்வு என்றால் அன்றைய ஏ 452.5. வித்தியாசம் 48 சென்ட், ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி. இங்கிலாந்தின் பிராஸ் பேண்டுகளே 1960-கள் வரை அந்தச் சுருதியில்தான் வாசித்தன. ஆகவே யாரோ நம் தலையில் கட்டிய கழிவு என்று இவற்றை நினைக்க வேண்டாம்.

பித்தளை வாத்தியத்தை இறக்க முடியும், ஆனால் எல்லோரும் செய்வது அரைகுறை வேலை. கார்னெட்டின் குழாய் ஏறத்தாழ 140 செ.மீ. அது இன்னும் 4 செ.மீ. நீள வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் மெயின் ஸ்லைடை 2 செ.மீ. இழுத்தால் போதும். யூபோனியத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. இத்தோடு நிறுத்தினால் திறந்த ஸ்வரங்கள் சேரும், வால்வ் அழுத்திய ஸ்வரங்கள் எல்லாம் மேலே நிற்கும். கார்னெட்டில் முதல் வால்வ் ஸ்லைடை இரண்டரை மி.மீ., இரண்டாவதை 1 மி.மீ., மூன்றாவதை 4 மி.மீ. கூடவே இழுக்க வேண்டும். இரண்டாவது ஸ்லைடை யாருமே தொடுவதில்லை. நம்முடையதில் 3 வாத்தியங்களில் அது இறுகிப் போயிருந்தது.

கிளாரினெட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. மவுத் பீஸுக்குக் கீழே உள்ள பேரல் துண்டை இழுத்தால் மேல் துளைகளின் ஸ்வரம் அதிகமாக இறங்கும், கீழ்த் துளைகளில் அவ்வளவு இறங்காது.

440 வாத்தியம் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 1, 3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் ஸ்வரம் இருக்க வேண்டியதைவிட ஏறி நிற்கும். மூன்றையும் அழுத்தினால் இன்னும் ஏறும். முதல் வால்வ் குழாயை நீட்டிய பிறகு மூன்றாவதும் அதற்கேற்ப நீள வேண்டும், அது நீளாது. ட்ரம்பெட்டில் மூன்றாவது ஸ்லைடில் மோதிர வளையம் வைத்திருப்பது வாசிக்கும்போதே அதை நீட்டத்தான், பிடித்துக்கொள்ள அல்ல. நம் யூபோனியங்களில் குறையும் நீளத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் காம்பென்சேட்டிங் வால்வ் கிடையாது. ஆகவே 1, 3 வால்வுகள் சேரும் கீழ் டி-யில் நீட்டி நிற்கும் இடங்களை மாஸ்டர் டிராம்போனுக்கு மாற்றி எழுதிவிட்டார். வால்வுக்குப் பதில் ஸ்லைடை இழுத்து வாசிக்கும் டிராம்போனுக்குக் காது சொல்கிற இடத்தில் கை நின்றால் போதும்.

வெயிலில் நின்று வாசித்துவிட்டு ஏசி மண்டபத்துக்குள் போனால் சுருதி இறங்கும். அங்கே காத்திருக்கும் கீபோர்டு இறங்காது. தொடங்குமுன் 1 நிமிடம் சத்தமில்லாமல் உள்ளே மூச்சை விட்டுச் சூடாக்குங்கள்.

இனி ஊர்வலம். 25 பேர் நடந்தால் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 17 மீட்டர் வரும். ஒலி அதைக் கடக்க 0.05 விநாடி. நிமிடத்துக்கு 120 அடி நடையில் ஒரு தட்டு அரை விநாடி என்றால் பத்தில் ஒரு பங்கு தாமதம். பெரிய டிரம் முன்னால் போனபோது பின்வரிசை அதைக் கேட்டுத்தான் ஊதியது. அந்தச் சத்தம் முன்னால் வந்து சேர இன்னொரு 0.05 விநாடி. முன்னால் நிற்பவருக்குப் பின்வரிசை எப்போதும் இழுப்பதாகவே தோன்றியதன் காரணம் இதுதான். தை முதல் பெரிய டிரம்மும் பாஸும் பின்னால் நடக்கின்றன. எல்லோரும் முதுகுப்பக்கம் கேட்டு வாசிக்கிறார்கள். டிரம்மின் ஒலி முன்னால் போகும் வழியில் ஒவ்வொரு வரிசையின் ஒலியும் அதோடு சேர்ந்து போவதால் முன்னால் தட்டு சேர்கிறது. மாஸ்டரின் கை தொடக்கத்துக்கும் வேக மாற்றத்துக்கும் மட்டும். முடிப்பதற்கு அவர் கோலை உயர்த்தியதும் டிரம்மில் இரட்டை அடி. மாஸ்டர் பின்னோக்கி நடந்தபடி கை காட்டும் வழக்கம் நின்றது, வேகத்தடைகள் இருக்கும் தெருவில் அது தேவையும் இல்லை.

ஈ-ஃப்ளாட் பாஸுக்கு பி-ஃப்ளாட் பார்ட்டை (பி-ஃப்ளாட் வாத்தியத்துக்கு எழுதிய தாளை) கொடுத்துவிட்டால் அவர் வாசிப்பது முழுவதும் நாலு ஸ்வரம் தள்ளிப் போகும். பார்ட் தாள்களின் தலைப்பில் இப்போது சிவப்பு, நீலம் என்று கோடு போட்டிருக்கிறோம். மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்கள் சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தோம். சங்கராபரணத்தில், கமகமில்லாமல் நேராக நடப்பவை, வால்வுக்கு இதமானவை.

பராமரிப்பில் பழைய பாடமே. வால்வுக்குத் தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், பிசுக்குப் பிடித்து பிஸ்டன் பாதியில் நிற்கும். சிக்கிய மவுத் பீஸைக் குறடால் திருகாதீர்கள், அது செருகியிருக்கும் லீட் பைப் குழாயே கழன்று வரும். சங்கத்தில் இழுவைக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறது. மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கொதிநீர் ஊற்றினால் லாக்கர் பூச்சு உரியும். லீட் பைப்பில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் துத்தநாகம் அரித்துப் போகிறது என்று பொருள், பாலிஷ் போட்டு மறைக்காமல் உடனே சொல்லுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கடைசியாக ஒரு தீர்மானம். அந்த 7 வாத்தியங்களையும் எடைக்குப் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். செயற்குழு ஒப்பவில்லை. ஸ்லைடுகளைப் பழையபடி உள்ளே தள்ளிவிட்டால் அவை தங்களுக்குள் அச்சாகச் சேர்கின்றன, கிளாரினெட் உட்பட. கீபோர்டும் ஆர்மோனியமும் இல்லாத இறுதி ஊர்வலங்களுக்கு அவற்றை 7 பேர் தனிச் செட்டாக எடுத்துப் போகலாம். பெரிய செட்டில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. பெட்டிகளில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று. சாவி மாஸ்டரிடம் இருக்கும். இதற்கு உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்