செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் வட்டம், மதுரை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். படித்தார்களா இல்லையா என்று நீல டிக் சொல்லிவிடும்.

மாதக் கூட்டம் பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமை நடந்தது. ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குப் போனோம். செப்டம்பரில் காந்தி அருங்காட்சியகம். டிசம்பரில் கீழடி, சின்னவர்கள் உறைகிணற்றை விட்டு நகர மறுத்தார்கள். பிப்ரவரியில் கீழக்குயில்குடி சமணர் மலை. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது.

இந்த ஆண்டும் புதிதாக வந்த பெற்றோர் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இது சட்டப்படி சரியா?" என்பதுதான். ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதித்தோ தடுத்தோ ஒரு வரியும் அதில் இல்லை. ஆகவே பயந்து ஒளியவும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் சவால் விடவும் வேண்டாம்.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவையும் சில உறுப்பினர்கள் படித்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: மாடியில் ஒரு டீச்சரைப் போட்டு, தினமும் காலை 9 மணியிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, மாதா மாதம் ஃபீஸ் வாங்கினால் அம்மாக்களுக்குச் சுமை குறையுமே என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கீகாரம் வாங்காமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. மணியடித்து ஆஜர் எடுத்துக் கட்டணம் வாங்கினால் அதைப் பள்ளி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? "செயலாளர் எதற்கும் தடை போடுகிறார்" என்று அதற்குப் பிறகு ஒரு பேச்சு சுற்றியது என் காதுக்கும் வந்தது. தடை போட்டது உண்மைதான். அது செயலாளர் வேலையில் சேர்ந்தது.

அடுத்து நாள் ஏடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகம் முணுமுணுப்பு.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு கொடுத்தோம். தினமும் மூன்று வரி எழுதினால் போதும்: இன்று என்ன செய்தோம், பிள்ளை என்ன கேள்வி கேட்டது, எது பாதியில் நிற்கிறது. மாதம் ஒரு முறை பிள்ளையே எழுதிய ஒரு தாளைத் தேதி போட்டு உள்ளே ஒட்ட வேண்டும். இவ்வளவுதான். "பள்ளிக்கூட டைரி வேண்டாம் என்றுதானே வெளியே வந்தோம், நீங்க மறுபடி அதையே கொண்டு வர்றீங்களே" என்று ஒரு உறுப்பினர் கூட்டத்திலேயே கேட்டார், நாலு பேர் கை தட்டினார்கள். நான் யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை. யார் ஏட்டையும் நானாக வாங்கிப் பார்த்ததும் இல்லை. விரும்பிக் காட்டியவர்களுடையதைத்தான் படித்தேன்.

அப்படிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. பள்ளியிலிருந்து புதிதாக நிறுத்திய வீடுகளில் முதல் பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. 9 முதல் 10 கணக்கு, 10 முதல் 11 ஆங்கிலம், அப்புறம் அறிவியல், அப்புறம் ஹிந்தி. சில நாளில் கையெழுத்து கோணலாகிறது. பிறகு "இன்று அழுகை" என்று ஒரு வரி. அழுதது யார் என்று எழுதவில்லை, நமக்குத் தெரியும். புதியவர்களுக்கு நான் சொல்வது: முதல் இரண்டு மூன்று மாதம் கால அட்டவணையை எடுத்துச் சுருட்டி வையுங்கள். தூங்கட்டும், விளையாடட்டும், சலித்துப்போகட்டும். நீங்கள் தினமும் சத்தம் போட்டு ஒரு கதை மட்டும் வாசியுங்கள், அதுவும் தமிழில். அதன் பிறகும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் படிப்பு இரண்டு மணி நேரம் போதும். வகுப்பில் நாற்பது பேர் எழுதி முடிக்கக் காத்திருக்கும் நேரம் வீட்டில் கிடையாதே.

ஒரு ஏட்டில் "இன்று ஒன்றும் படிக்கவில்லை" என்று அம்மா எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே, தாத்தாவோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய் வந்ததும், மல்லிகை விலை காலையில் ஒன்று மதியம் ஒன்று ஏன் என்று மகள் கேட்டதும் இருந்தது. அடுத்த வாரம் முழுக்க அந்தப் பெண் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு விலையைக் குறித்திருக்கிறாள். முகூர்த்த நாளில் ஏறியது, மறுநாள் இறங்கியது, எல்லாம் கட்டத் தாளில் கோடாக இருக்கிறது. வரைபடம் என்று பாடப்புத்தகத்தில் வருவது அவளுக்கு இனிப் புதிதாக இருக்காது. ஏடு இல்லாவிட்டால் அம்மா கணக்கில் அது ஒன்றும் படிக்காத நாள். ஜூன் மாதம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் புது யூனிஃபார்மில் வேனில் ஏறும்போது நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "என்னதான் படிக்கிறான்?" என்று மாமியார் கேட்கும்போதும் அப்படியே. அந்த நேரத்தில் விவாதம் செய்யாமல் ஏட்டை எடுத்து நீட்டலாம். என் வீட்டில் அது வேலை செய்கிறது.

இன்னொரு பயனும் இருக்கிறது. நவம்பரில் ஒரு குடும்பம் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தது. பையனே கேட்டான், சேர்த்தார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆண்டு நடுவில் வந்தாய் என்று மறுக்கவும் முடியாது. அந்த அம்மா நாள் ஏட்டையும் கொண்டு போனார். பின்னம் வரை தெரியும், வகுத்தல் தடுமாறும் என்பதை அதைப் பார்த்தே டீச்சர் புரிந்துகொண்டாராம். அந்தக் குடும்பத்தைப் பற்றி நம் குழுவில் சிலர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் இன்றும் நம் உறுப்பினர்கள்தான். சந்தாவும் கட்டிவிட்டார்கள்.

பெரிய பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் போகாமலே பொதுத்தேர்வு எழுத வழி தரும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியமான என்ஐஓஎஸ் பற்றி ஜனவரிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். வந்தவர்கள் ஏழு குடும்பம். அதன் பிறகு இரவு பதினொரு மணிக்கு எனக்கு வந்த போன்கள் ஏழுக்கும் அதிகம், எல்லாம் கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்து. மறுபடி சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப் பாடமாக இருக்க வேண்டும், தமிழ் எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. கணக்கில் பயம் உள்ள பிள்ளை மற்றதை முடித்துவிட்டு அதைத் தனியாக எழுதட்டும். டிஎம்ஏ என்ற ஒப்படைப்புகளுக்கு 20 சதவீதம் உண்டு. அதைக் கடைசி வாரத்தில் அம்மா உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அறிவியல் எடுத்தால் படிப்பு மையத்தில் செய்முறை உண்டு, அந்தத் தேதியைத் தவறவிட்டால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

மாநிலப் பாடத்திட்டமே வேண்டும் என்பவர்கள் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளி மூலமும் இல்லாமல் நேராக எழுதலாம். எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்; இதை மறந்துவிட்டு ஹால்டிக்கெட் நேரத்தில் ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சமணர் மலைக்கு எல்லா அப்பாக்களும் கேமராவோடு வந்தார்கள். மாதக் கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முழுப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுந்த வீடுகளில்தான் ஏடு டிசம்பரோடு நின்றிருக்கிறது. வேலைக்குப் போகிறவர் இரவில் அரை மணி கணக்குப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைப் பிரித்துப் பூட்டலாம், குறைந்தபட்சம் அந்த மூன்று வரியையாவது எழுதலாம்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். சிறு கையிருப்பு இருக்கிறது. நோட்டு வாங்கியது, வேன் வாடகை, பொங்கல் சாமான் ஆகியவை முக்கியச் செலவுகள். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவார். நோட்டுக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தது ஏன் என்று கேட்டவர்களுக்கு: மொத்த விலைக்கு வாங்கினோம், வேன் வாடகையில் கால்வாசி கூட ஆகவில்லை. சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய், அதாவது மாதம் ஐம்பது. குடும்பத்தோடு ஒரு தடவை ஜிகர்தண்டா குடிக்கும் காசு கூட இல்லை. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு இரண்டு ஆண்டுப் பாக்கி. பெயரை இங்கே படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளர் கையில் இருக்கிறது.

மாடியைக் கொடுத்து உதவிய உறுப்பினருக்கும், தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்து வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், நூலக ஊழியர்களுக்கும், வேன் ஓட்டுநருக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் நம்மில் அதிகம். அவர்களுக்குப் படிவம் நிரப்ப, தேதிகளை நினைவூட்ட, மையத்தோடு பேச ஒருவர் தனியாக வேண்டும். செயலாளர் பொறுப்பையும் யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் மகிழ்ச்சி. எனக்கும் வீட்டில் பத்தாம் வகுப்பு இருக்கிறது. யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்வதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் எடுப்பதாக இல்லை.

அடுத்த ஆண்டுக்கான நோட்டுகளை வாங்கி வாசல் பக்க மேஜையில் வைத்திருக்கிறேன். பொருளாளரும் அதே மேஜையில்தான் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். டீக்குப் போகும் வழி அதுதான். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்