நீ கேட்ட அந்த இரவு

அன்புள்ள மகனுக்கு,

நாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இரவில் என்ன நடந்தது என்று நீ கேட்டதற்கு அன்று தொலைபேசியில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. பக்கத்தில் உன் மகள் சின்னவள் கார்ட்டூன் பார்க்கிற சத்தம் கேட்டது. அவள் காதில் விழும்படி அந்த இரவைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. இந்தக் காலத்திலும் கடிதமா என்று உன் அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். கடிதமென்றால் வேண்டிய நேரத்தில் எடுத்து வாசிக்கலாம், மனம் பாரமானால் மடித்து வைக்கலாம்.

“தண்ணீரும் இருட்டும் மட்டும்தான் ஞாபகம்” என்றாய். உனக்கு அப்போது ஆறு வயது. 1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. ‘சூரியக் கதிர்’ என்று பெயர் வைத்து இராணுவம் முன்னேறத் தொடங்கி இரண்டு கிழமை ஆகியிருந்தது. யாழ்ப்பாண நகரும் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே கிழக்கே தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் புலிகள் இயக்கத்தின் அறிவித்தல் வந்தது. உலையை இறக்காமல் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். நான்கைந்து இலட்சம் சனம், ஒரே இரவு, மழை வேறு. சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற கைதடிக்கு, விடிந்த பிறகும் நாம் போய்ச் சேரவில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரடி வைத்து, பிறகு நின்று, பிறகு ஓரடி வைத்து என்றுதான் நகர்ந்தோம்.

அப்பா சைக்கிளை உருட்டினார். கரியரில் அரிசிப் பையும் துணி மூட்டையும். நீ முன்பாரில் இருந்தாய். அம்மம்மா கரியரைப் பிடித்தபடி நடந்தார். நீ அழவில்லை, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தாய். விலக யாருக்கும் இடமில்லை, ஆனாலும் அடித்தாய். நான் கையைத் தட்டிவிடப் போனேன். முன்னால் ஒரு கதிரையில் தன் தாயை வைத்துத் தம்பியுடன் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்து, “அடிக்கட்டும் அக்கா, நித்திரை வராமல் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு நீ மணியடிப்பதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாய். தாகம் என்றாய். எங்களிடம் தண்ணீர் இல்லை. யாரோ குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தி உன் வாயில் ஊற்றினார்கள். நீ சொல்கிற தண்ணீர் அதுவாகவும் இருக்கலாம். விடியும் நேரம் பாரிலேயே தூங்கிச் சரிந்தாய். முன்பின் தெரியாத ஒரு பொடியன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம் வரை வந்தான். பெயரைக் கேட்க வேண்டும் என்று கூட யாருக்கும் தோன்றவில்லை.

இது என் ஞாபகம். உன்னுடையது வேறு மாதிரி இருந்தால் உன்னுடையதை விட்டுவிடாதே. மணியையும் குடையையும் பற்றி உனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். இருட்டு மட்டும் தங்கி, அந்த இருட்டில் நீ என்ன செய்தாய், உன்னை யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் உதிர்ந்து போயிருக்கிறது.

இனி உன் இப்போதைய கதைக்கு வருகிறேன். மருமகள் எல்லாம் சொன்னாள், கோபிக்காதே. கனடா நாளில் வாணம் வெடித்தால் நிலவறைக்குப் போய்விடுகிறாயாம். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாயாம். கடவுச்சீட்டுகள் எல்லாம் கதவுப் பக்கத்துப் பையிலேயே இருக்கிறதாம். பள்ளிக்கூட பஸ் கொஞ்சம் பிந்தியதற்குச் சின்னவளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாயாம்.

ஐந்து வயதிலேயே குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் வேறு, ஹெலியின் சத்தம் வேறு என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாய். ‘ட’ வடிவத்தில் வெட்டிப் பனங்குற்றி அடுக்கிய நம் பதுங்கு குழிக்குள், பங்கருக்குள், முதலில் பாய்பவனும் நீதான். அந்த வேகம் உன்னைக் காப்பாற்றியது. ஆபத்தை மோப்பம் பிடிப்பதற்கென்று மூளையில் அமிக்டலா என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. நீ யோசித்து முடிப்பதற்கு முன்பே அது உடம்பை ஓட வைத்துவிடும். அதற்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது. வாணம் வெடித்தால் அதற்கு இன்னமும் 1995தான். நெஞ்சு அடிப்பதும் கை குளிர்வதும் அதனால்தான், நீ கோழை என்பதால் இல்லை.

அதனால் எல்லாவற்றையும் வியாதி என்று தூக்கி எறியாதே. பெட்ரோல் அரைவாசிக்கு மேல் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? பையும் கதவுப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு மூலையைத்தானே பிடிக்கிறது. நிலவறைக்குப் போவதைக் கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் பிள்ளையை உலுக்கியது நிற்க வேண்டும். பஸ் பிந்துவதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பயம் வயிற்றில் ஏறுகிறபோதே உனக்குத் தெரிகிறது என்று நீயே சொன்னாய், நாக்கு வறள்கிறது, தோள் இறுகுகிறது என்று. அந்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும். காலைத் தரையில் அழுத்தி நில். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டு. “இது ரொறன்ரோ, இன்று இன்ன திகதி, பிள்ளை பஸ்ஸில் வருகிறாள்” என்று வாய்விட்டுச் சொல். பக்கத்தில் ஆட்கள் நின்றால் நிற்கட்டும். அவள் வந்து இறங்கிய பிறகு, “அப்பா பயந்துவிட்டேன், உன்மேல் கோபமில்லை” என்று சொல். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். அன்று கத்தியதற்கும் இதையே சொல்லலாம், இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உளவளத்துணையாளராக, மனம் நொந்த பிள்ளைகளுடன் பேசி ஆற்றுகிறவளாக, வேலை பார்த்த காலத்தில் இப்படி நிறையப் பிள்ளைகளைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் மனவடு என்பதைப் பற்றி எங்கள் சனத்திடம் எங்கள் மொழியிலேயே பேசினார்கள். தேவாரமோ செபமாலையோ எதுவானாலும் மூச்சோடு சேர்த்து மெதுவாக உருவிடுவது உடம்பை அடக்கும் என்று காட்டினார்கள். அம்மம்மா பங்கருக்குள் திருநீற்றுப் பதிகம் சொன்னது உனக்கு ஞாபகமிருந்தால் அதையே சொல்லிப் பார். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூச்சுக்கு அது தெரியாது.

ஹவாயில் காவாய் என்றொரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். வறுமையும் குடியும் சண்டையும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் குறையில்லாமல் வளர்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், பாட்டியோ ஆசிரியரோ, விடாமல் நின்றிருந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதன் பிற்பகுதி. பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதை எட்டும்போது தேறிவிட்டிருந்தார்கள். காவாயில் செல் குண்டு விழவில்லை, ஆகவே அப்படியே நமக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் உன் வயதில் கதவு மூடிவிட்டது என்று எவராவது சொன்னால் நம்பாதே.

‘பட்டுத்தானே நீ இவ்வளவு உறுதியானாய்’ என்று சொல்கிறவர்களையும் நம்பாதே. கலியாண வீடுகளில் அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பங்கர் உனக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. நீ படித்ததும் ஆளானதும் அதையும் சுமந்துகொண்டுதான்.

வியாழக்கிழமை உளவளத்துணையாளரிடம் நேரம் எடுத்திருப்பதாகச் சொன்னாய். போ. விசர் என்று யாரும் சொல்வார்களோ என்று தயங்காதே, சொல்கிறவர்களின் வீட்டிலும் இரவில் யாரோ விழித்துத்தான் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது, ஆறு வயதில் நீ பயந்தது தமிழில். ஆனால் அங்குள்ள நம்மவர் வட்டம் சிறியது, கதை வெளியே போகும் என்று உள்ளுக்குள் கூச்சமிருந்தால் வேற்று ஆளிடமே போய் ஆங்கிலத்தில் சொல். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல உடம்பு நடுங்கினால் “இன்று இவ்வளவு போதும்” என்று நிறுத்து, நல்ல ஆளென்றால் அதற்கு மேல் தோண்ட மாட்டார். அந்த ஆள் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பார். வைத்தியர் குளிசை எழுதினால் வீறாப்புக்கு மறுக்காதே. நித்திரைக்கு என்று பியர் எடுப்பதை மட்டும் விடு, அது நடுச்சாமத்தில் உன்னை எழுப்பிவிடும்.

போய்வந்து என்ன கேட்டார்கள் என்று சொல். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாதே, நான் துருவ மாட்டேன். நாவற்குழியைப் பற்றி இன்னும் கேட்க வேண்டுமென்றால் அப்பாவைக் கேள். அவர் என்னிடம் சொல்லாததும் சில இருக்கும். உன்னிடம் சொல்லக்கூடும்.

மிளகாய்த்தூளும் பனாட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், அடுத்த கிழமை ஸ்காபரோவுக்கு வருகிறாள். தூள் இந்த முறை கொஞ்சம் உறைப்பு, சின்னவளுக்குப் பார்த்துப் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா